மொழித் தேர்வோடு பணியிடப் பழக்கமும் கற்பிக்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனிக்குச் செவிலியர் தேவை என்னும் விளம்பரங்கள் தங்கள் நாளிதழிலும் எங்கள் கொழிஞ்சாம்பாறைச் சுவர்களிலும் பெருகிவருவதைக் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. தனியார் முகவர்களும் ஆள் சேர்க்கிறார்கள். எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பெண்கள் புறப்படுகிறார்கள். ஜெர்மனியில் நான்கு ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவள் நான்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் பிறந்தவர்களுக்கு வேற்றுப் பண்பாடு புதிதா என்னும் இறுமாப்போடுதான் நானும் விமானம் ஏறினேன். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம் என்று வாழ்கிற எங்களுக்கு, தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு, மலையாளத்தில் அதுவே வாய்ப்பு, தெலுங்கு பேசும் அயல்வீட்டாருக்கு அது தேவை என்பதெல்லாம் பாடம் படிக்காமலே தெரியும். ஆனால் இங்கே மூன்று மொழிக்காரர்களும் ஒரே மாதிரித்தான் தலையாட்டுகிறோம் என்பதை ஜெர்மனிக்குப் போன பிறகே கவனித்தேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் வாரம், பணிநேரம் மாறும்போது நோயாளிகளின் விவரங்களை மூத்த செவிலியர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்; பாதி புரியாத நிலையிலும், பெரியவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்னும் வளர்ப்பினால், நான் எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய முதியவர் ஒருவருக்கு அன்று காலையில் நானே காப்பி கொடுத்துவிட்டேன். பரிசோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. யாரும் என்னை ஏசவில்லை. "புரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்கள். நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததை அவர்கள் பொறுப்பின்மையாகக் கண்டார்கள் என்பது விளங்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

வேலையின் தன்மையும் அப்படித்தான். நம் மருத்துவமனைகளில் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவதும் ஊட்டிவிடுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினரின் பாடு. ஊசி, சலைன், மருந்து ஆகியவையே செவிலியரின் வேலை என்று நாம் பழகியிருக்கிறோம். அங்கே நோயாளியோடு உறவினர் தங்கும் வழக்கம் பொதுவாக இல்லாததால், குளிப்பாட்டுவது, பல் துலக்கிவிடுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது ஆகிய அனைத்தும் பட்டம் பெற்ற செவிலியரின் கடமைகளே. போதாக்குறைக்கு, நம் படிப்புக்கு முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் நிலையில்தான் பணியாற்ற முடியும். நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்தது இதற்குத்தானா என்று என்னோடு வந்த தோழி இரவெல்லாம் அழுதாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கடன் வாங்கிப் பணம் கட்டிய கோயம்புத்தூர்ப் பயிற்சி மையத்தில், ஜெர்மன் மொழியின் பி2 நிலைத் தேர்வுக்காக வேற்றுமை உருபுகளை மாதக்கணக்கில் உருப்போட வைத்தார்களே தவிர, வார்டில் ஒரு நாள் எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல ஒரு மணி நேரமும் ஒதுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டிக் கிடப்பதும் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதும் ஒரு மாதத்தில் பழகிவிடும். அவற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காய்ச்சலோடு வேலைக்கு வருவதைக் கடமையுணர்ச்சியாக அங்கே யாரும் கொள்வதில்லை, நோயாளிகளுக்கு ஆபத்து என்றே கருதித் திருப்பி அனுப்புவார்கள் என்பதை எவரும் சொல்வதில்லை. நோயுற்றால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் தரச் சட்டம் இருப்பது தெரியாமல், மாத்திரையை விழுங்கிவிட்டு வார்டுக்குப் போய் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே, ஜெர்மன் மொழி கற்பிக்கும் மையங்களும் ஆளெடுக்கும் முகவர்களும், அங்கே பணியாற்றித் திரும்பியவர்களைக் கொண்டு சில நாள்களாவது பணியிடப் பழக்கங்களைப் பற்றி வகுப்பு நடத்த வேண்டும். பணம் கட்டும் முன்னரே உதவியாளர் நிலை, வேலையின் தன்மை ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். எங்கள் வட்டத்துப் பெண்களில் பலர் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் என்பதால், அந்த விளக்கம் தமிழிலும் கிடைக்க நோர்க்காவும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய வகுப்பு கொழிஞ்சாம்பாறையிலோ பொள்ளாச்சியிலோ நடந்தால், ஊதியமின்றி வந்து பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஊர் திரும்பிய செவிலியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.