பத்தியை உடைக்காதீர்கள்: கவிதைப் பரிசுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பரிசுக் குழுவினருக்கும் மலராசிரியர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டுப் பரிசு மலர் கிடைத்தது. தேர்வான கவிதைகளுள் என்னுடையதும் ஒன்று என்பதற்கு நன்றி. ஆனால் நான் அனுப்பியது ஒரே பத்தியாக அமைந்த வசன கவிதை, அதாவது வரி பிரிக்காமல் உரைநடையாகவே எழுதிய கவிதை. நீங்கள் அச்சிட்டிருப்பதோ, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் துண்டுதுண்டாக வெட்டி அடுக்கிய வரிகளை. தொலைபேசியில் விசாரித்தபோது, வரி பிரிக்காவிட்டால் அது கவிதை என்று வாசகருக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கான விடையே இம்மடல்.

தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வடசென்னைத் தெரு ஒன்றைப் பற்றிய கவிதை அது. "லாரி வருமென்று சொன்ன இரவில் அம்மா குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுத்தாள், படுத்தவளின் கனவிலும் குடங்கள் நகர்ந்தன, நகர்ந்த குடங்களின் பின்னால் தெருவும் நகர்ந்தது" என்று தொடங்கி, இறுதிவரை முற்றுப்புள்ளியே இல்லாமல் செல்லும். முடிந்த சொல்லிலேயே அடுத்த தொடர் பிடித்துக்கொள்ள வேண்டும், வரிசையில் நிற்பவர்களுக்கு இல்லாத ஓய்வு வாசிப்பவருக்கும் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே அதைப் பத்தியாக எழுதினேன். உங்கள் மலரில் 'படுத்தாள்' ஒரு வரியில் முடிந்து, 'படுத்தவளின்' அடுத்த வரியில் தொடங்குகிறது. எங்கே மூச்சு விடக் கூடாதோ, சரியாக அங்கே மூச்சு விடச் சொல்கிறது அந்த வெற்றிடம். சொற்களில் ஒன்றுகூட மாறவில்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் கவிதை மாறிவிட்டது.

இந்த வடிவம் தமிழுக்குப் புதிதன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். சிலப்பதிகாரத்தின் பதிகமே அந்நூலை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்', அதாவது இடையிடையே உரைநடை கலந்த பாட்டு என்கிறது. பாரதியின் 'காட்சி' என்ற வசன கவிதைத் தொகுப்பில் காற்றைப் பற்றிய பகுதியில், ஓலைப்பந்தலில் ஊசலாடும் இரண்டு கயிறுகள் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் பெற்றுக் காதலிக்கின்றன. கவிஞர் அவற்றோடு பேசுகிறார். ஒரு குட்டிக் கதையைப் போல ஓடும் அந்த உரைநடையைக் கவிதையன்று என்று எவரேனும் சொல்வார்களா? வாக்கியங்கள் சில தனி வரியில் நின்றாலும், அங்கே அளவுகோல் வரியன்று, வாக்கியமே. அதே தொகுப்பின் 'காற்றே வா' பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வசன கவிதை என்று பெயர் சொல்லியே வைக்கப்பட்டிருக்கிறது. பதினைந்து வயது மாணவர் கவிதையாகப் படிக்கும் வடிவத்துக்கு உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. 'வரிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் நான் எதை எழுதியிருக்க வேண்டும்?

1934இல் கவிஞர் ந. பிச்சமூர்த்தி 'மணிக்கொடி' இதழில் கவிதை எழுதத் தொடங்கியபின், யாப்பிலிருந்து விடுபட்ட கவிதை பெரும்பாலும் வரி பிரிக்கும் வழியிலேயே வளர்ந்தது. 1959இல் சி.சு. செல்லப்பா இதே சென்னையிலிருந்து தொடங்கிய 'எழுத்து' இதழ் அந்த வழியை நிலைநிறுத்தியது. அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் அன்று மரபை மீறக் கிடைத்த உரிமை இன்று ஒரு புதிய இலக்கணமாக இறுகிவிட்டது என்பது வருத்தமளிக்கிறது. பிரான்சில் கவிஞர் போதலேரின் உரைநடைக் கவிதைகள் அவர் மறைவுக்குப்பின் 1869இல் நூலாயின. அமெரிக்காவில் கவிஞர் சார்லஸ் சிமிக்கின் உரைநடைக் கவிதை நூலுக்கு 1990இல் புலிட்சர் பரிசே கிடைத்தது. இங்கோ, பத்தியாக எழுதும் இளைஞரிடம் அதைக் குறுங்கதைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். குறுங்கதைப் பிரிவினர் இதில் கதை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆண்டுதோறும் புத்தகக் காட்சி மேடைகளில் பாரதியின் துணிச்சலைப் போற்றுகிறோம். அந்தத் துணிச்சலோடு ஒருவர் இன்று எழுதிக்கொண்டு வந்தால், முதலில் வரியை எண்ணுகிறோம். பரிசுகளும் மலர்களும் எதைக் கவிதை என்று ஏற்கின்றனவோ, அதையே அடுத்த தலைமுறை எழுதிப் பழகும். மீண்டும் துளிர்க்கத் தொடங்கியிருக்கும் வடிவத்துக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது மிகச் சிறியது. எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் பத்தியை உடைக்காதீர்கள். அடுத்த ஆண்டுப் படிவத்தில் வரிக்கணக்கை நீக்கி, சொற்கணக்கை வையுங்கள். வசன கவிதையும் ஏற்கப்படும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். என் கவிதையை அடுத்த மலரில் அதன் உண்மையான வடிவில், ஒரே பத்தியாக, மறுபடியும் வெளியிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். மூலப்படியை இத்துடன் மீண்டும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் மலரில் எழுதிய கவிஞன்,
திருவல்லிக்கேணி, சென்னை.