டோனட் கடையும் உன் சேவுக் கடையும்

ஃபுல்லர்டன், கலிபோர்னியா

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடையைக் கைமாற்றிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் பதில் போட மனசு வரவில்லை. சாத்தூரில் உங்க தாத்தா காலத்திலிருந்து எரிகிற அடுப்பு. ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பையன் வந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பானா என்று நீ கேட்பதும் நியாயம்தான். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே மகள் வீட்டில் எல்லாரும் சுகம். பேரனுக்குத் தமிழில் திட்டினால் மட்டும் நன்றாகப் புரிகிறது.

உனக்கு நேராகப் பதில் சொல்லாமல் இந்த ஊர் டோனட் கடைகளைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுமையாகப் படி.

இந்தப் பக்கம் முக்குக்கு முக்கு டோனட் கடை. பெரிய கம்பெனிக் கடைகள் குறைவு. பெரும்பாலும் ஒற்றைக் குடும்பம் நடத்துகிற சின்னக் கடைகள், அவற்றிலும் பெரும்பாலானவை கம்போடியாக்காரர்களுடையவை. எனக்குத் தூக்கம்தான் நாலு மணிக்கே போய்விடுமே, மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது கூடவே போய் இறங்கிக்கொள்வேன். நம் பக்கத்துக் கடையில் ஒரு வயசான அம்மா கல்லாவில் இருப்பார், அவர் வீட்டுக்காரர் உள்ளே சட்டி முன்னால். மாவு ராத்திரியே புளித்துப் பொங்கி, தொட்டால் பஞ்சாக இருக்கும். வளையங்களை எண்ணெயில் இறக்கி, ஒரு பக்கம் ஒரு நிமிஷம் போல ஆனதும் ரெண்டு குச்சியால் சட்சட்டென்று திருப்புகிறார். வளையம் பாதி முங்கி மிதப்பதால் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு இருந்தால் மாவு சரியாகப் பொங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். சூடு ஆறுவதற்குள் சர்க்கரைப் பாகை மேலே ஊற்றிவிட வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டு மாவையும் விடுவதில்லை, ஆப்பிள் துண்டும் பட்டைப் பொடியும் சேர்த்துப் பிசைந்து அதையும் பொரித்துவிடுகிறார். சேவுத் தூளைக்கூட பொட்டலம் போட்டு விற்கிற உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வியாபாரத்துக்கு ஒரு மூலவர் உண்டு. டெட் நாய் என்று பெயர். சொந்தப் பெயர் பூன் டெக் நாய். சீன வம்சாவளிக் கம்போடியர், ராணுவத்தில் மேஜர். 1975 ஏப்ரல் 17-ல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை கம்போடியத் தலைநகர் நோம் பென்னைப் பிடித்தது. அடுத்த மாதமே பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கே கேம்ப் பெண்டில்டன் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி பெயர் சுகந்தினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ என்று நினைத்தேன். இல்லை, கம்போடிய அதிகாரி வீட்டுப் பெண். இந்த மனுஷன் அந்தப் பெண் வீட்டுக்கு எதிரில் ராத்திரி ராத்திரி புல்லாங்குழல் வாசித்துத்தான் அவரை மயக்கினாராம்.

டஸ்டின் என்ற ஊரில் பகலில் சர்ச் பெருக்கி, ராத்திரியில் பெட்ரோல் பங்கில் வேலை. பங்குக்குப் பக்கத்தில் ஒரு டோனட் கடை. வாசனை இழுத்து ஒன்று வாங்கித் தின்றவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அவர்கள் நாட்டில் 'நோம் கோங்' என்று அரிசி மாவில் வளையமாகப் பொரித்துப் பனைவெல்லப் பாகு ஊற்றுவார்கள். நம்ம கருப்பட்டிதான் மாப்ள, அதே பனை. 1948-ல் தொடங்கிய வின்செல்ஸ் என்ற கம்பெனியில் சேர்ந்து தொழில் கற்று, அவர்கள் கடை ஒன்றைப் பார்த்துக்கொண்டார். 1977-ல் சொந்தமாக ஒரு கடை வாங்கினார், பெயர் கிறிஸ்டீஸ். லா ஹாப்ரா என்ற ஊரில். மகள் வீட்டிலிருந்து பக்கம்தான். சுகந்தினி அம்மாவும் அந்தக் கடைப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. ஒவ்வொரு கடையாக வாங்கினார், ஐம்பதுக்கு மேலே போனது. எதையும் கூலி ஆள் வைத்து ஓட்டவில்லை. முகாம்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஸ்பான்சர் செய்து வரவழைத்து, தொழில் சொல்லிக் கொடுத்து, கடையை அவர்களிடமே வாடகைக்கு விட்டார். புருஷன் பொரிப்பான், பெண்டாட்டி கல்லா, பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து டப்பா மடித்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதும். இங்கிலீஷ் அவ்வளவாக வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். கையில் காசு சேர்ந்ததும் தங்களுக்குள்ளேயே சீட்டுப் பிடித்துச் சொந்தக் கடை வாங்கிக்கொண்டார்கள். ஆமாம், நம்ம ஏலச்சீட்டு போலத்தான், ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு முறை வைத்து எடுப்பது. கம்பெனிக்காரன் சம்பளம் கொடுத்து ஓட்டுகிற கடை இதற்கு எதிரில் எப்படித் தாக்குப்பிடிக்கும்? டங்கின் டோனட்ஸே இந்தப் பக்கம் ரொம்ப நாள் தலைகாட்டாமல் 2014-ல்தான் சான்டா மோனிகாவில் மறுபடி கடை போட்டான்.

இங்கே டோனட்டை ரோஸ் நிற அட்டைப் பெட்டியில்தான் கொடுக்கிறார்கள். அதுவும் இவர்கள் வேலைதான் என்கிறார்கள். வெள்ளைப் பெட்டியைவிட ரோஸ் அட்டை சில சென்ட் மலிவு, அவ்வளவுதான் காரணம். சீன வழி வந்தவர்களுக்கு வெள்ளை துக்க நிறம் என்பதும் ஒத்துப்போய்விட்டது.

மூலவர் கதை அப்புறம் கசந்துவிட்டது. லாஸ் வேகாஸ் சூதாட்டம். தன் கடைகளை எடுத்து நடத்தியவர்களிடமே கடன் வாங்கி, திருப்ப முடியாமல் கடையை எழுதிக் கொடுக்கிற அளவுக்குப் போனார். கம்போடியா திரும்பி அரசியலில் இறங்கி அதிலும் தோற்றார், குடும்பமும் பிரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது, அந்த அம்மா உழைத்த உழைப்பை நினைத்தால். ஆனாலும் பார், அவர் ஆண்டியான பிறகும் கடைகள் மூடவில்லை. சட்டி முன்னால் நின்றவன் கைக்குப் போயிருந்தன.

2018-ல் சீல் பீச்சில் இப்படி ஒரு கடையில் கடைக்கார அம்மா மூளையில் ரத்தக்குழாய் கோளாறாகிப் படுத்துவிட்டார். நிதி திரட்டித் தருகிறோம் என்று ஊர்க்காரர்கள் சொன்னதற்கு, பணம் வேண்டாம், அவள்கூட இருக்க நேரம்தான் வேண்டும் என்றாராம் வீட்டுக்காரர். ஜனங்கள் காலையிலேயே டஜன் டஜனாக வாங்கிச் சரக்கைக் காலி செய்து அவரை அனுப்பி வைத்தார்கள்.

நம் பக்கத்துக் கடை அம்மாவுக்கும் பையன் வரமாட்டான். மருந்துக் கடைப் படிப்பு படித்து நல்ல சம்பளத்தில் இருக்கிறான். அதற்காகத்தானே இத்தனை வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தோம் என்கிறார் சிரித்துக்கொண்டே. கடை? அவர் தங்கச்சி மகளும் அவள் புருஷனும் இப்போதே மாவு பிசைகிறார்கள்.

அதனால் கேட்கிறேன். உன் சரக்கு மாஸ்டர் உங்க அப்பா காலத்து ஆள். அவர் பெண்டாட்டி மிளகாய், பூண்டு அரைத்துக் கொடுத்தே கை காய்த்துப்போனவர். இடத்தை வேற யாருக்கோ செல்போன் கடை வைக்கக் கொடுப்பதற்குப் பதில், அவரிடமே மாச வாடகைக்கு விட்டால் என்ன? பெயர்ப்பலகை உன் தாத்தா பெயரிலேயே இருக்கட்டும், அட்வான்ஸைச் சீட்டு எடுத்துக் கொடுக்கச் சொல். தங்கச்சியைக் கலந்துகொண்டு எழுது. மாஸ்டரிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, தை பிறந்து நான் வந்ததும் சேர்ந்தே பேசலாம்.

உன்,
கணேசன்