லாரி வந்தால்தானே நிலையம் ஓடும்?

ஆசிரியருக்கு,

செப்டிக் டேங்குகளிலிருந்து லாரிகள் அள்ளிவரும் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் சிறு நகர நிலையங்கள் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி கருங்குழிதான். கழிவுநீர் லாரிகளுக்கான உரிமம், கொட்டும் இடம் ஆகியவற்றுக்கு அரசு 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2017-இல் மதுராந்தகத்தை ஒட்டிய அந்தப் பேரூராட்சியில், நாளொன்றுக்கு 23,000 லிட்டர் கொள்ளளவில், மாநிலத்தின் முதல் நிலையம் வந்தது. கசடைப் படுகைகளில் காயவிட்டு, பிரியும் நீரைத் தனியே சுத்திகரிக்கும் முறை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்குப் பொருத்தமானதே. ஆனால் நிலையம் கட்டிவிட்டாலே வேலை முடிந்தது என்ற தொனி செய்தியில் தெரிகிறது. அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் ஊரில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்கை 14 ஆண்டுகள் கழித்து, குளியலறையில் நீர் எதிர்த்து வந்த அன்றுதான் திறந்தோம். மூடி எங்கே என்றே தெரியாமல் வாசல் டைல்ஸை உடைத்துத் தேடினோம். அப்புறம் லாரிக்காரரிடம், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டேன். "நிலையம் வரைக்கும் போய்வர டீசல் யார் சார் தருவா?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் கணக்கும் தப்பில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை டேங்கைச் சுத்தம் செய்யும் செலவைச் சொத்து வரியோடு தவணையாக வசூலித்து, நிலையத்தில் இறக்கியதற்கான ரசீதைக் காட்டும் லாரிக்கு மட்டும் உள்ளாட்சியே பணம் தரலாம்.

- ஒரு வாசகர்