ரேகை தேய்ந்த விரலும் 1,200 ரூபாயும்

ஆசிரியருக்கு,

பள்ளிப்பட்டுப் பக்கம் முதியோர் பென்ஷன் பேச்செடுத்தால் நகரியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக் கணக்குதான் முதலில் வரும். ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய், அதுவும் வீட்டு வாசலில். இங்கே 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாய் 1,200 ஆனது. தொகையை விடுங்கள், அந்த 1,200 கைக்கு வந்து சேருவதே பெரும்பாடு.

தறியிலும் கரும்புக் கொல்லையிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஊருக்கே வந்து பென்ஷன் பணம் தரும் வங்கி முகவர் கட்டைவிரலை ஆதார் ரேகை பார்க்கும் மெஷினில் நாலு தடவை அழுத்திவிட்டு, "படியல பாட்டி, அடுத்த வாரம் வாங்க" என்கிறார். பத்து விரலையும் வைத்துப் பார்ப்பதில்லை. கையை வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெஷின் கண்ணாடியையும் துடைத்தால் மோதிர விரலாவது சில நேரம் படியும். தோல் வறண்டிருந்தால் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கலாம். பிசுக்கு நின்றால் அதுவும் கெட்டது. எதுவுமே படியாதவர்கள் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பணம் வராமலே 'எடுத்தாச்சு' என்று செல்லுக்குத் தகவல் வருவதும் உண்டு. அப்போது மெஷின் சீட்டை விடாமல் கேட்டு வாங்க வேண்டும். இருபது, முப்பது 'செலவுக்கு' என்று முகவர் பிடிப்பது விதிப்படி தவறு.

மெஷின் கைவிட்டாலும் வங்கியில் வழி இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத முதியவர் பணம் எடுக்கும் படிவத்தில் மையில் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. சாட்சி இரண்டு பேர், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலர். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே பணம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், "அப்படி ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். மழைக்காலத்தில் கிளைக்கு வா என்று கிழவிகளை அழைப்பதில் அர்த்தமே இல்லை.

மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர், படிவத்தில் ரேகை வைப்பது, வீட்டிலேயே பணம் தருவது என்ற இந்த இரண்டு விதிகளையும் தமிழிலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் ஒவ்வொரு கிளை வாசலிலும் எழுதி வைக்கச் சொல்லட்டும். முகவர் எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்கு வருவார் என்பதை முதல் நாளே ரேஷன் கடைப் பலகையில் எழுதட்டும்.

வாசகர்கள் சிலர்,
பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்