வராத 9 பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கல்லூரி வகுப்பைப் பற்றிப் பேசும்போது, "60 பேர் சேர்ந்தாங்கப்பா, இப்ப 51 பேர்தான் வர்றாங்க. மீதி 9 பேரைப் பத்தி யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க" என்றாய். அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நீ கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்கு உறுத்துகிறது. 31 வருஷம் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு உறுத்த ரொம்ப நாள் ஆனது. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் உதவியாளராக இருந்த சமயம். இரண்டாம் ஆண்டு இயற்பியல் பையன் ஒருவன் படிப்பை நிறுத்திக்கொள்ள டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், கேட்டு வந்தான். செமஸ்டர் ரிசல்ட் வந்து ஒரு வாரம் இருக்கும். பாக்கி எதுவும் இல்லை என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்குகிற நோ டியூஸ் படிவத்தைக் கொடுத்தேன். துறையில் கையெழுத்து ஆயிற்று, ஆய்வகத்தில் ஆயிற்று, என்.எஸ்.எஸ்.ஸிலும் ஆயிற்று. நூலகத்தில் மட்டும் 42 ரூபாய் அபராதம் என்று நிறுத்திவிட்டார்கள். அவனிடம் காசில்லை. என் ஜன்னலுக்கு வெளியே அந்தப் படிவத்தை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து 50 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அட்மிஷன் ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'டிஸ்கன்டினியூட்' என்று எழுதினேன். ஒரு ஏழைப் பையனுக்கு உதவினோம் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து, கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு டீக்கடையில் அவனே வந்து வணக்கம் சொன்னான். டெம்போ ஓட்டுகிறானாம். "ஏம்ப்பா அன்னைக்கு நின்னுட்டே?" என்று கேட்டேன். "மூணு பேப்பர் போயிடுச்சு சார். அரியர் இருந்தா மூணாவது வருஷத்துக்கு ஏத்த மாட்டாங்கன்னு பசங்க சொன்னாங்க."

எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு விதியே கிடையாது. அரியரோடு மேலே போகலாம், அடுத்தடுத்த தேர்வில் எழுதித் தீர்க்கலாம். அது எனக்குத் தெரியும், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் தெரியும். 'ஏன் போகிறாய்' என்று ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. நான் காசு கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, பாப்பா.

டி.சி. கேட்டு வருகிற அன்றைக்கு அந்தப் பிள்ளை மனசளவில் எப்போதோ போயிருக்கும். அதனால் வராமல் போன மூன்றாம் நாளே கேட்டுவிடு. போன் செய்யப் போனால் ஒரு சிக்கல் வரும். விண்ணப்பத்தில் இருக்கிற நம்பர் பல சமயம் அதை நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருடையதாக இருக்கும். நீயே ஒரு நோட்டில் அம்மாவின் நம்பர் ஒன்று, அதே ஊரிலிருந்து வருகிற வகுப்புத் தோழரின் நம்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள். அம்மா போனை எடுத்தால், "உங்க பையன் காலேஜுக்கு வரலை" என்று ஆரம்பிக்காதே. வீட்டில் அடிதான் விழும். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. நமக்கு ஆயிரம் சின்னத் தொகையாகத் தெரியலாம். மலையடிவாரத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு ஒரு மாத டீயும் மதியச் சாப்பாடும் ஜெராக்ஸும் அதில்தான். பேங்க் கணக்கோடு ஆதார் இணையாமல் போனால் பணம் நின்றுவிடும். நமக்கு மட்டும் வரவில்லை என்று அந்தப் பெண் கூச்சப்பட்டுச் சொல்லாமலே இருப்பாள். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். "போய்ப் பாரும்மா" என்று அனுப்பிவிடாமல், ஒரு நாள் கூடவே போ. கல்வி உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

வருகைப் பதிவையும் பார். பொதுவாக 75 சதவீதம் வேண்டும்; கொஞ்சம் குறைந்தால் கட்டணம் கட்டி அனுமதி வாங்கலாம், ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. ஹால் டிக்கெட் நாளில் போர்டில் பெயரை ஒட்டி என்ன பயன்? இன்னும் எத்தனை நாள் வந்தால் தேறலாம் என்று செமஸ்டர் பாதியிலேயே அவனிடம் கணக்குப் போட்டுக் காட்டு.

மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சொல்கிற உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4 தான். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. உன் வகுப்பின் 9 பேரும் ஏதோ ஒரு வருஷத்தில் அப்படி எண்ணப்பட்டவர்கள்தான், பட்டம் வாங்குவார்களா என்பது அதில் இல்லை.

என்ன செய்தாலும் சிலர் போகத்தான் செய்வார்கள். அப்பாவுக்கு விபத்து, தலைக்கு மேல் கடன் என்றால் யாரைக் குறை சொல்வது? அப்படிப் போகிறவர்களிடம் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருப்பதையாவது சொல்லி அனுப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

உன் வேலையே நிரந்தரமில்லை, மே மாதம் சம்பளமும் கிடையாது. இதையெல்லாம் உன் தலையில் கட்டுகிறேனே என்று அம்மா என்னைத் திட்டுகிறாள். அவள் சொல்வதும் சரி. எல்லோரையும் நீ ஒருத்தியே தாங்க முடியாது. இந்த வாரம் 9 பேரில் 2 பேருக்குப் போன் செய், போதும்.

தீபாவளிக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வா. லீவுக்கு ஊருக்குப் போகிற பையன்கள் சிலர் அப்படியே திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். லீவு முடிந்த மூன்றாம் நாள் யார் யார் வரவில்லை என்று எனக்குச் சொல். நம் தாலுகா பிள்ளைகள் இருந்தால், பஸ் ஏறி நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா