அண்ணா, அந்த மெனுவைச் சேர்த்துவிட்டேன்

அன்புள்ள அண்ணா,

நம் வீடியோ கேமுக்கு நாளை வரும் அப்டேட்டில் 'உதவி' என்று ஒரு மெனு இருக்கும். வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லையே.

இப்படி உதவி கொடுக்கலாமா கூடாதா என்ற பழைய சண்டையை மறுபடி தொடங்கப் போவதில்லை. ஆனால் மற்றவர்களை ஆடவிட்டுப் பார்த்த அந்தச் சோதனை நாள் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. தசை பலவீனம் உள்ள அந்தப் பெண் மூன்றாம் கட்டப் பூதத்தோடு மோதிக்கொண்டிருந்தார். "இப்ப இடப்பக்கம் வீசும்", "இப்ப தடுக்கணும்" என்று ஒவ்வொரு அடியையும் அது வருவதற்கு முன்பே சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. விரல் மட்டும் ஒவ்வொரு முறையும் பிந்தியது. தடுக்க நாம் கொடுத்திருந்தது 8 ஃபிரேம், அதாவது திரையில் 8 படம் ஓடும் நேரம். வினாடிக்கு 60 படம் என்றால் 0.13 வினாடி. நீங்கள் நோட்டில் 'கை வேகம் போதாது' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள். பூதத்தை அவர் முழுக்கப் படித்துவிட்டார், அண்ணா. நீங்கள் சோதிக்க நினைத்தது அதைத்தானே?

'எளிது' என்று ஒரே பொத்தான் வைத்துப் பூதத்தின் உயிரைப் பாதியாக்கியிருந்தாலும் அவருக்குப் பயன் இருந்திருக்காது. அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்தேன். தடுக்கும் நேரத்தை நீட்டலாம், வேகத்தைக் குறைக்கலாம், படபடவென்று தட்ட வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடிக்கலாம், எந்தப் பொத்தானையும் மாற்றிக்கொள்ளலாம். எதையும் தொடாதவருக்கு உங்கள் 8 ஃபிரேம் அப்படியே இருக்கும்.

கடினத்துக்குப் பேர்போன செகிரோ கேமில் இதெல்லாம் இல்லையே என்பீர்கள். சரி, எல்லோரும் ஒரே அடியை வாங்கி எழுவதில் ஓர் அழகு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 8 ஃபிரேம் எல்லாக் கைக்கும் ஒரே கஷ்டம் இல்லை. மலையேறும் கேமான செலஸ்ட் 2018லேயே வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் விட்டது. அந்த மலையைக் கஷ்டப்பட்டு ஏறியவர்களின் பெருமை அதனால் குறையவில்லை. ஹேடிஸ் கேமில் 'காட் மோட்' என்ற உதவியைப் போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும். சாகச் சாக இன்னும் 2, இன்னும் 2 என்று 80 வரை போகும். அதை ஆடுபவர்களும் தோற்றுத் தோற்றுத்தான் கற்கிறார்கள்.

ஃபிரேம் எண்ணக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். இரவெல்லாம் கூடவே உட்கார்ந்து, ஒரு குதிப்பு சரியாக விழும்வரை விடமாட்டீர்கள். அப்படிப்பட்டவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் போனீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பூதம் வீசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு உங்கள் குரல். வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுபட்டுக் கெட்டுப்போகிறது. அப்படியே விட்டால் கை ஓங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. பார்வை குறைந்தவர்கள் அந்த ஒலியை வைத்துத்தான் தடுப்பார்கள். இதே மூச்சை இரு மடங்கு நீளத்தில் பதிவு செய்து அனுப்புங்கள். கோபம் இருந்தால் இருக்கட்டும், ஃபைல் வந்தால் போதும்.