மாவட்டக் கணக்கு: கலாவுக்கு ஒரு கடிதம்

செம்பூர், மும்பை

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி எட்டு வைத்து நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. அவருக்கு முட்டி வலி பரவாயில்லை. மழை ஓய்ந்த நேரம் பார்த்து பஸ் பிடித்து மாடுங்கா போய்ச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கி வருகிறார். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தெருவில் அடுத்தடுத்து மூன்று பேருக்குக் கேன்சர். வாய்க்கால் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். ஈரோடு மாவட்டத்திலேயே இது அதிகம் என்று கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் இதே பேச்சு. வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் பையனோடு போய் இருந்துவிடலாமா என்று உங்கள் வீட்டுக்காரர் யோசிக்கிறார். "நீ அந்தக் கணக்கெடுக்கிற வேலையில்தானே இருந்தாய், உண்மையைச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

முதலில், அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள். ஓர் ஊரில் யார் யாருக்குக் கேன்சர் வந்தது என்று எழுதிவைப்பதுதான் புற்றுநோய்ப் பதிவேடு. நாட்டிலேயே முதல் பதிவேடு தொடங்கியது இந்த மும்பையில்தான், 1963ல், இந்தியன் கேன்சர் சொசைட்டி மூலமாக. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் தேசிய அளவில் ஆரம்பித்தது எண்பதுகளின் தொடக்கத்தில்தான். அப்போது சென்னைக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் பொறுப்பேற்றது. இன்றுவரை நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு இப்படி ஒரு பதிவேடு கிடையாது. 2020ல் வந்த தேசிய அறிக்கை 28 பதிவேடுகளை வைத்து எழுதியது. அவை எல்லாம் சேர்ந்தும் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டன.

ஆஸ்பத்திரிகள் தாங்களாகவே தகவல் அனுப்பிவிடும் என்று நினைக்காதே. எங்களைப் போன்றவர்கள் போய், ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேஸ் பேப்பராகப் புரட்டி எழுத வேண்டும். பெயர், வயசு, எந்த உறுப்பு, பயாப்ஸியில் (சதை எடுத்துச் சோதிப்பது) தெரிந்ததா ஸ்கேனில் தெரிந்ததா, முதலில் கண்டுபிடித்த தேதி. ஒரே ஆள் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். அப்புறம் மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிட வேண்டும். இதில் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது விலாசம். ஒரு வருஷமாவது இந்த ஊரில் குடியிருந்தவரைத்தான் இந்த ஊர்க் கணக்கில் சேர்க்கலாம்.

பரேலில் டாடா கேன்சர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தால் மும்பையே கேன்சரில் மூழ்கிவிட்டது என்று தோன்றும். பிளாட்பாரத்தில் பாய் விரித்து, ஸ்டவ் வைத்து, எக்ஸ்ரே கவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் ஒருவர் பீகார், ஒருவர் வங்காளம், ஒருவர் அசாம். தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலையிலும் இதேதான். இவர்கள் யாரும் மும்பைக் கணக்கில் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

ஒரு முறை ஒரு பேப்பரில் தாராவி 90 அடி ரோடு விலாசம். திருநெல்வேலி ஜில்லாக்காரப் பெண், நாற்பத்தைந்து வயசு இருக்கும், கருப்பை வாய்ப் புற்று. தம்பி வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தது. "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். தம்பி முந்திக்கொண்டு "மூணு வருஷம் மேடம்" என்றான். வெளியூர் என்றால் வைத்தியம் பார்க்கமாட்டார்களோ என்ற பயம். அந்தம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இதை எழுதறதால உங்க வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது. கடைசியா ரேஷன் எங்க வாங்கினீங்க?" என்றேன். "பொங்கலுக்கு ஊர்லதான்" என்றார். அவரை மும்பையில் எழுதியிருந்தால் அது தப்புக் கணக்கு. ஆனால் அன்றைக்குத் திருநெல்வேலியில் எழுதிக்கொள்ளவும் ஆளில்லை. தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு என்று ஆரம்பித்தது 2012ல்தான். அதற்கு முன்னால் இப்படி எத்தனையோ பேர் எந்த ஜில்லாவிலும் இல்லாமல் போனார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன். அந்த 2020 அறிக்கையில் ஆண்களுக்கு அதிகம் பதிவானது மிசோரமில் ஐஸ்வால் மாவட்டம்: வருஷத்துக்கு லட்சம் பேரில் 269.4. மிகக் குறைவு எங்கள் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்–பீட்: 39.5. இது வயசைச் சமன்படுத்திய பிறகு வரும் எண். கிழவர்கள் அதிகம் உள்ள ஊரில் கேன்சர் இயல்பாகவே அதிகம் தெரியும், இளவட்டங்கள் நிறைந்த ஊரில் குறைவாகத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் ஊரோடு ஊரை ஒப்பிடுவார்கள். கழித்த பிறகும் ஏழு மடங்கு இடைவெளி! மும்பை ஆண்களுக்கு நூறைச் சற்றுத் தாண்டியது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இங்கேயும் பீடிலும் இவ்வளவு தூரம்.

ஐஸ்வாலில் நிஜமாகவே நோய் அதிகம். அங்கே இரைப்பைப் புற்று பிரதானம். புகையிலையும், புகையில் வாட்டிய இறைச்சியும், புகையிலைப் புகையை நீரில் கரைத்து வாயில் வைத்துக்கொள்ளும் 'துய்புர்' என்ற பழக்கமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மேகாலயாவில் கிழக்கு காசி மலையில் உணவுக்குழாய்ப் புற்று முன்னால் நிற்கிறது. அங்கே பாக்கும் புகையும் சேர்ந்தே இருக்கும். ஆனால் உஸ்மானாபாத், பீட் எண்ணைப் பார்த்து அங்கே ஜனங்கள் நோயில்லாமல் இருக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சோளரொட்டியும் வயல் வேலையுமாக இருக்கும் வாழ்க்கையில் சில வகைகள் நிஜமாகவே குறைவாக இருக்கலாம். ஆனால் கட்டி என்று தெரிந்தும் டாக்டரிடம் போகாமல், போனாலும் பயாப்ஸி வரை போகாமல் இறந்தவர்களை யார் எழுதுவார்கள்? அதனால்தான் நான் எந்த மாவட்டத்து எண்ணைப் பார்த்தாலும் பக்கத்திலேயே இரண்டு எண்களைத் தேடுவேன். எத்தனை சதவீதம் பயாப்ஸியில் உறுதியானது, புதிதாகக் கண்டுபிடித்தவர்களோடு ஒப்பிட்டால் இறந்தவர்கள் எத்தனை பேர். கணக்கில் விடுபட்டவர்கள் அதிகமா என்று அப்போதுதான் ஊகிக்கலாம். இவை இல்லாமல் வெறும் விகிதத்தை மட்டும் வைத்து நல்ல ஊர், கெட்ட ஊர் என்று முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியாது.

ஊர்ப் பேச்சை உரசிப் பார்த்த கதை இரண்டு சொல்கிறேன், உனக்கு உபயோகப்படும். பஞ்சாபில் மால்வா வட்டாரம். பருத்திக்காடு, பூச்சிமருந்து, அதனால்தான் கேன்சர் என்று பேச்சு. பட்டிண்டாவிலிருந்து, ராஜஸ்தானில் கேன்சர் ஆஸ்பத்திரி உள்ள பிகானேருக்குப் போகும் வண்டிக்கே 'கேன்சர் ரயில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டாடா ஆஸ்பத்திரியும் சண்டிகர் பிஜிஐ ஆஸ்பத்திரியும் சேர்ந்து சண்டிகர், மொஹாலி, சங்ரூர், மான்சா நான்கிலும் பதிவேடு வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் கிராமத்து மான்சாவையும் சங்ரூரையும்விடச் சண்டிகர் நகரத்தில்தான் விகிதம் அதிகம். பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இல்லாததும் பிகானேரில் செலவு குறைவு என்பதும் அந்த வண்டி நிரம்பியதற்கு முக்கியமான காரணங்கள். பூச்சிமருந்தை விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த ஜனங்களுக்கு முதலில் வேண்டியது பக்கத்திலேயே வைத்தியம் என்பதை அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளி. அங்கே கடற்கரை மணலில் தோரியம், அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். 1990லிருந்து பதிவேடு வைத்து, வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஆட்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2009ல் வந்த முடிவு: கதிர்வீச்சு கூடியதால் கேன்சர் கூடவில்லை.

இப்போது உங்கள் ஈரோடு. சாயத்தண்ணீரையும் தோல் ஷாப்புக் கழிவையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காலிங்கராயன் வாய்க்கால் நாறுவதை நிறுத்தியே ஆக வேண்டும், அதற்குக் கேன்சர் நிரூபணம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் சாயத்தால் வரும் கேன்சருக்கு ஓர் அடையாளம் உண்டு. பென்சிடின் கலந்த சாயத்தில் வேலை செய்தவர்களுக்கு வருவது மூத்திரப்பைப் புற்று. குரோமியத்தைப் பல வருஷம் மூச்சில் இழுத்தவர்களுக்கு வருவது நுரையீரல் புற்று. உங்கள் தெருவில் வந்தது என்ன? நீ எழுதியபடி ஒருவருக்கு மார்பில், ஒருவருக்கு வாயில், ஒருவருக்கு இரைப்பையில். மூன்றும் வேறு வேறு நோய். வழியும் வேறு வேறு. வாயில் வந்தவர் ஹான்ஸ் புகையிலை போடுவார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அறுபது வயசுக்காரர்கள் நிறைந்த தெருவில் மூன்று பேருக்கு மூன்று விதமாக வருவது வருத்தம்தான், ஆனால் அதைத் தெருவின் மேல் போட முடியாது. ஒரே வகை, அதிலும் அபூர்வமான வகை, அதிலும் சின்ன வயசுக்காரர்களுக்கு என்றால் நானே கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் மனசில் வை. 2023ல் அரசாங்கம் கேன்சர் பரிசோதனையை முனைப்பாக ஆரம்பித்த நான்கு மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. மற்றவை திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி. தேடும் இடத்தில் முதல் சில வருஷம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்து யாராவது பயமுறுத்தினால் நீ பதில் சொல்.

நாளாவட்டத்தில் என்ன மாறுகிறது என்பதில்தான் எனக்கு அதிக ஆர்வம். 1982ல் சென்னையில் பெண்களுக்கு முதலிடம் கருப்பை வாய்ப் புற்று. இன்று அது வெகுவாக இறங்கி, மார்பகப் புற்று மேலே போய்விட்டது. மும்பை, பெங்களூர் எல்லாம் இதே திசைதான். பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை குறைவு, வீட்டில் தண்ணீரும் கழிப்பறையும் வந்துவிட்டன, அதனால் கருப்பை வாய்ப் புற்று இறங்கியது. அதே தாமதக் கல்யாணமும், முதல் பிரசவம் தள்ளிப்போவதும் மார்பகப் புற்றை ஏற்றுகின்றன. இங்கே பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்று மற்றவர்களைவிட அதிகம் என்று மும்பைப் பதிவேட்டைத் தொடங்கிய டாக்டர் ஜுசாவாலா பல வருஷத்துக்கு முன்பே அந்தப் பதிவேட்டை வைத்துக் காட்டினார். அதே கடல், அதே குழாய்த் தண்ணீர், வாழ்க்கை முறைதான் வேறு. அன்று அவர்கள் வாழ்ந்த மாதிரிதான் இன்று நம் வீட்டுப் பெண்கள் வாழ்கிறார்கள்.

உன் அம்மா ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம்தானே? அங்கே அம்பிளிக்கையில் ஒரு கிராமத்துப் பதிவேடு இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்று மிக அதிகம் என்று அதில் தெரிந்தது. திண்டுக்கல் கிராமங்களில் 30 முதல் 59 வயசு வரை உள்ள பெண்களை நர்சுகளே வினிகர் தடவிப் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன; 2007ல் அந்த முடிவு வெளியானது. இங்கே மும்பைச் சேரிகளிலும் பத்தாவது படித்த பெண்களைப் பழக்கி டாடா மருத்துவர்கள் அதே சோதனையைச் செய்தார்கள்; சாவு 31 சதவீதம் குறைந்தது. மார்பைக் கையால் தடவிப் பார்க்கும் சோதனையும் அதோடு நடந்தது. ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்களில் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நம் வயசுக்குத்தான் பலன், கலா.

அதனால் வீட்டை விற்காதே. கோயம்புத்தூருக்குப் பேத்திக்காகப் போ, பயத்துக்காகப் போகாதே. நீயும் உன் நாத்தனாரும் இந்த மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மார்பு, கருப்பை வாய், வாய் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வயசு தாண்டியவர்களுக்கு அங்கே இலவசம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதே. உங்கள் வீட்டுக்காரரின் வெற்றிலைச் செல்லத்தில் இன்னும் புகையிலை இருந்தால் அதை எடுத்துவிடு. பாக்கையும்தான், பாக்கு தனியாகவே வாய்ப் புற்றை உண்டாக்கும்.

மார்பில் கட்டி வந்த அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள், பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு எழுது. அவர் குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லையென்றால் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. இங்கே எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

உன்
விஜயா